டெஸ்டுக்கு முந்தின நாள் கிளட்ச்

அரியாங்குப்பம் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் கத்தியது. வண்டி நகரவில்லை. கருகல் வாடை. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது என்று புரிந்துவிட்டது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் பழக்கிவிடுகிறவன். வீட்டு வண்டியில் வருஷக்கணக்கில் உழைக்கும் கிளட்ச், எங்களிடம் ஒரு மழைக்காலம் தாண்டாது. பழக வருகிறவர்கள் பெடலிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள்.

அன்று ஓட்டியது ஸ்டெல்லா. பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் வயதான அம்மா ஒருவர் பெண் டிரைவர்தான் வேண்டும் என்றிருந்தார். மறுநாள் லைசென்ஸ் டெஸ்டில் பாஸானால் இவளுக்கு அந்த வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள். ஏற்கெனவே ஒரு தடவை பெயில்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கே மாத்துய்யா. நாளைக்கு மேட்டுல நின்னுடுச்சுன்னா நம்ம பேரு நாறிடும்."

சிக்கல் அங்கேதான். தேய்ந்த கிளட்ச், பெடல் மேலே வந்தபிறகு பிடிக்கும். புதுசு கீழேயே பிடிக்கும். ஸ்டெல்லா கால் பழகினது மேலே. ஒரே நாளில் மாறாது. வண்டி குதித்து ஆஃப் ஆகிவிடும்.

அவளிடமே சொன்னேன்.

"மாத்த வேணாம் மாஸ்டர். இத தேச்சதே நான்தான? இதோட கோவம் எனக்குத் தெரியும்."

"நின்னுட்டா?"

"எறங்கித் தள்றேன்."

"சரி. மேட்டுல ரொம்ப ரேஸ் குடுக்காத. புடிச்சதும் கால முழுசா எடுத்துடு."

முதலாளி சொன்னபடி கிளட்சை மாற்றவில்லை. ராத்திரி தூக்கமில்லை.

மறுநாள் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் என் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே. பழக்குகிறவனுக்கென்று அந்தப் பக்கம் வைத்திருக்கும் பிரேக் பெடல் இன்றைக்கு எனக்கு இல்லை. வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது.

மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை விட்டாள். வண்டி ஒரு சாண் பின்னே வந்தது. நின்றது. முக்கிக்கொண்டே மேலே ஏறிவிட்டது.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"அந்தம்மா பாஸு. உன் வண்டி பெயிலுய்யா."

திரும்பும்போது டெஸ்ட் மைதானத்து கேட் அருகே வண்டி படுத்துவிட்டது. ஸ்டெல்லா இறங்கப் போனாள்.

"நீ ஸ்டியரிங்கப் புடிம்மா," என்று சொல்லிவிட்டு நான் தள்ளினேன்.

பழக்கிவிடும் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இன்ஜின் கத்தி வேகம் வராவிட்டால், வாடை வந்தால், கிளட்சை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மாற்றுவதற்கு முன்னால், நாளைக்கு யாருக்கு டெஸ்ட் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.