எலுமிச்சைத் தொட்டிக்குப் போட்ட பழத்தோல்

அண்ணன் ரங்கூனுக்குக் கப்பலேறும் முன் நட்ட எலுமிச்சை எங்கள் மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டியில் நின்றது. ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்த பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. அம்மா அதைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் மாடியேறி இலைகளைத் துடைப்பாள். இறங்கி வந்து, "ரெண்டு தளிர் விட்டிருக்கு" என்றால் அன்று சாப்பிடுவாள். இல்லையென்றால் தட்டு அப்படியே இருக்கும்.

அந்தச் சித்திரையில் இலைகள் சுருளத் தொடங்கின. நான் ரசாயனம் படித்தவள். உப்பளக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைத்தால்தான் எனக்கு மனம் நிற்கும். எலுமிச்சையில் கைவைக்கும் முன் சோதித்துப் பார்க்க மூன்று மிளகாய்த் தொட்டிகளை எடுத்துக்கொண்டேன். முதலாவதில் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் வாழைப்பழத் தோலையும் மாம்பழத் தோலையும் காயவைத்து இடித்து மண்ணோடு கலந்தேன். மூன்றாவதில் அதே கலவை, அதன்மேல் பச்சைத் தோலை நறுக்கிப் பரப்பினேன். மூன்றுக்கும் நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர்.

"ஏளா, குப்பைக்குமா நோட்டுப் போடுத?" என்றாள் அம்மா. "உன்னைக் கட்டப்போறவன் பாடு பெரும்பாடுதான்."

பத்தாம் நாள் நடுப்பகலில் முதல் செடி துவண்டு கிடந்தது. இரண்டாவது லேசாக வாடியிருந்தது. மூன்றாவது நிமிர்ந்து நின்றது. தோலை விலக்கி விரலை விட்டால் மண் குளிர்ந்திருந்தது. அம்மாவும் விரலை விட்டுப் பார்த்தாள். இந்தமுறை கேலி இல்லை.

"அவன் செடிக்கும் போடுவமா?"

அன்றே பொடியைக் கலந்தேன். பச்சைத் தோல் போடும் வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். சின்னதாக நறுக்க வேண்டும், தண்டில் படக்கூடாது, நான்கு நாளைக்கு ஒருமுறை புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

மூன்று வாரத்தில் எலுமிச்சையின் இலை நுனிகள் தீய்ந்தன. பிறகு இலைகள் மொத்தமாக உதிர்ந்தன. அதே தோல் போட்ட மூன்றாவது மிளகாய்ச் செடி பக்கத்திலேயே பச்சையாக இருந்தது. எலுமிச்சைத் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போய், தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். சோதனைக்குழாய் பாலாக வெளுத்தது. உப்பளத்து மாதிரிகளில் தினமும் நான் பார்க்கும் உப்பின் வெண்மைதான்.

வீட்டுக்கு வந்து, என்னென்ன போட்டாள் என்று கேட்டேன்.

"நீ சொன்னதுதான். மேல ஒரு கை உப்புத் தூவுனேன். பழத்தோலுல்லா, ஈ மொய்ச்சுப் புழு வச்சிரும். அவன் செடியில புழு வைக்க விடுவனா?"

எங்கள் ஊரில் கெட்டுப்போகும் எதன்மேலும் ஒரு கை உப்பு விழும். மீன், மாங்காய், குப்பைக்கூடைகூட. அது யாரும் யோசித்துச் செய்வதல்ல. உப்புப் போடாதே என்ற வரி என் நோட்டில் இல்லை.

"வெக்கையிலதான பட்டுப்போச்சு?" என்றாள் அம்மா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. வெக்கைதான்."

"அப்ப மிளகாய்க்கும் ஒரு கை தோல் கூடப் போடுதேன்."

"அத நான் பாத்துக்கிடுதேன்."

இப்போதும் காலையில் அந்தக் குச்சிக்கு அவள் தண்ணீர் ஊற்றுகிறாள். நான் தடுப்பதில்லை. ஊற்ற ஊற்ற உப்பு கரைந்து தொட்டியின் ஓட்டை வழியே இறங்கிவிடும். மழைக்காலத்துக்குள் மண் தேறிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் என்ன நடுவது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.