வேம்பு கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தாள்

வேம்பு டிராக்டர் ஓட்டப் பழகியது யாரும் சொல்லிக்கொடுத்து இல்லை. அன்றைக்கு ஓட்ட ஆள் இல்லை, ஏறினாள், அவ்வளவுதான்.

நன்னிலத்துக்குத் தெற்கே அவள் ஊர். சூரியன் போய் இலை வரும், இலை போய்ச் சூரியன் வரும். யார் வந்தாலும் குத்தகை நிலத்துச் சண்டை மட்டும் போகாமல் கிடந்த காலம் அது. அவள் அப்பன் பக்கிரி மூன்று தலைமுறையாக உழுத வயலை, மிராசுதார் வீட்டுப் பேரன் பட்டணத்தில் உட்கார்ந்தபடியே வேறொருவனுக்குக் கிரயம் பேசிவிட்டான். தட்டிக்கேட்ட ஆண்களையெல்லாம் போலீஸ் வேன் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வயலோ மழையில் நனைந்து பதமாக நிற்கிறது. இன்றைக்கு உழாவிட்டால் நாளைக்கு அடுத்தவன் ஏர் இறங்கிவிடும். பத்தொன்பது வயது வேம்பு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாடகைக்கு வந்து நின்ற டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். கோணலும் மாணலுமாக உழுதாள். வடகிழக்கு மூலையில் வரப்பையே கொஞ்சம் தின்றுவிட்டாள். ஆனால் உழுதாள். பின்னால் தாசில்தார் வந்து பார்த்தபோது, நிலம் யார் அனுபோகத்தில் இருக்கிறது என்பதற்கு அந்த உழவுதான் சாட்சி சொன்னது. வயல் தங்கியது. அந்தக் கோணல் வரப்பைத் திருத்தப் போனவர்களையெல்லாம் பக்கிரி, "எம்மவ போட்ட கோடுடா அது, கை வைக்காத" என்று விரட்டியடித்தார்.

அப்படிப்பட்ட கை ஸ்டியரிங்கைச் சும்மா விடுமா? கல்யாணம் ஆயிற்று. புருஷன் சாமிதுரை வயலைப் பார்த்துக்கொண்டார். மகள் ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போனதும் வேம்பு சென்னைக்கு வந்து கார் ஓட்ட ஆரம்பித்தாள். யார் என்ன சொன்னாலும் சரி, அவள் ஓட்டினால் மடியில் வைத்த தயிர்ச்சட்டி அலுங்காது.

டிராவல்ஸ் வைத்திருந்தவர் சிங்காரவேலு. ஒரத்தநாட்டுக்காரர்தான், ஆனால் வாய் மட்டும் எட்டூர் தாண்டிக் கேட்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் கம்பெனியில் பெரிய வேலையிலிருந்த பார்க் என்ற கொரியா நாட்டுக்காரர் வீட்டுக்கு வேம்புவின் வண்டியைப் போட்டிருந்தார். பார்க்கின் தகப்பனார் கொரியாவிலிருந்து வந்திருந்தார். அவரை அங்கே இங்கே அழைத்துப்போகத்தான் வண்டி. பொங்கல் வரைக்கும் இருப்பார் என்று பேச்சு.

அவர் நெல் போடுகிற ஆள். எண்பது வயதாகப் போகிறது, கையைப் பார்த்தாலே தெரியும். நாற்றுப் பிடித்த கை. பின் சீட்டில் உட்காரமாட்டார், முன்னால்தான் உட்காருவார். ரோட்டோரம் பச்சையாக ஏதாவது தெரிந்தால் கண்ணாடியைத் தட்டுவார், வேம்பு வண்டியை நிறுத்துவாள். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனாலும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரே ஒரு குறை. பெரியவருக்கு வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, சோறு இறங்கவில்லை. வந்து எட்டு நாளாயிற்று. வெந்நீரும் இரண்டு வாழைப்பழமுமாக ஓடுகிறது. அவர்கள் நாட்டுச் சாப்பாடு, மேசையில் நெருப்பு வைத்துக் கறி சுட்டுச் சாப்பிடுவது. அந்த மாதிரிக் கடை சென்னையில் பத்துப் பதினைந்து இருக்கிறதாம். போனில் நட்சத்திரம் பார்த்து இரண்டு கடைக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டிலும் பெரியவர் கிண்ணத்து மூடியைத் திறந்து பார்த்து, திரும்ப மூடி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை பார்க் வண்டியருகே வந்தார். ஃபேக்டரியில் பொறுக்கிய தமிழ் அவருடையது.

"வேம்பு, சனிக்கெழம அப்பா பொறந்தநாள். எண்பது. நல்ல கடை வேணும். அன்னைக்கும் சாப்பாடு இல்ல, ஞாயித்துக்கெழம அப்பா ஊருக்குப் போயிடும்."

அவர்களும் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"நான் பாக்குறேன் சார்" என்று வேம்பு சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், தனக்கு அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அவளுக்கு உறைத்தது.

அன்று மத்தியானமே அவளும் போனில் நட்சத்திரம் பார்த்து, ஓ.எம்.ஆர். ரோட்டில் கண்ணாடி மாளிகையாக இருந்த ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்தாள். முதலில் ஒரு கூடையில் பச்சைப் பசேலென்று இலை வந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கீரை மாதிரி இலை. 'வாழையிலை கிடைக்காத ஊர் போலிருக்கிறது, பாவம்' என்று நினைத்தாள். இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து, நுனி இடது பக்கம் வரும்படி விரித்துப் போட்டு, டம்ளர் தண்ணீரைத் தெளித்துத் துடைத்து, சோறு வரட்டும் என்று கை கட்டி உட்கார்ந்தாள்.

வந்ததோ பச்சைக்கறி. கூடவே அதை வெட்ட ஒரு கத்தரிக்கோல்.

"என்ன தம்பி, பச்சைக்கறிய வச்சிட்டுப் போற? நாந்தான் ஆக்கணும்னா எங்க வூட்லயே ஆக்கிக்க மாட்டனா?"

பரிமாறும் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இங்க அப்படித்தாங்கக்கா. நீங்களே சுட்டு, இந்த எலையில வச்சு மடிச்சு, எலையோட வாயில போட்டுக்கணும்" என்றான்.

"எலையோடயா? எங்கூர்ல எலைய மாட்டுக்குப் போடுவோம்."

இருந்தாலும் சுட்டுத் தின்று பார்த்தாள். கறி நன்றாகத்தான் இருந்தது. பூண்டு, காரவிழுது, புளித்த முட்டைக்கோஸ் என்று சுற்றிலும் பத்துத் தொடுகறி, அதுவும் சோடைபோகவில்லை. பிறகு சோற்றுக் கிண்ணத்தைத் திறந்தாள். திறந்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. காலையில் ஆக்கி அடைத்து வைத்த சோறு. மேலே ஏடு கட்டிக் காய்ந்திருந்தது. நெல் போடுகிறவன் இதைத் தொடுவானா? பெரியவர் மூடி போட்டது கறியை நினைத்து இல்லை, சோற்றைப் பார்த்து!

கை கழுவும் சாக்கில் கடையின் பின்பக்கம் போனாள். கழுவ வந்த கிண்ணங்களில் பாதிக்குப் பாதி சோறு அப்படியே கிடந்தது.

அங்கே நின்றபோதுதான் அம்மா ராமாயி ஞாபகம் வந்தாள். மிராசுதார் வீட்டுக் கல்யாணமென்றால் ராமாயிக்குக் கொல்லையில்தான் இடம். எச்சில் இலை அள்ளுவதும் அண்டா தேய்ப்பதும் அவள் வேலை. பந்தியில் உட்காராமலே, எந்தச் சமையல்காரன் தேறுவான் எவன் தேறமாட்டான் என்று ஊருக்கே அவள்தான் தீர்ப்புச் சொல்லுவாள். "மொகப்புல நின்னு கேட்டா எல்லாரும் ஆஹாம்பாங்கடி. கொல்லைக்கு வர்ற எலையப் பாரு. அது பொய் சொல்லாது" என்பாள்.

போனைப் பைக்குள் போட்டாள் வேம்பு. அதற்கப்புறம் எந்தக் கடைக்கும் அவள் முன்வாசல் வழியாகப் போகவில்லை.

வியாழக்கிழமை மூன்று கடை. ஒன்றில் கறியே மீந்து வந்தது. ஒன்றில் சோறு குப்பைக்கூடை நிறையக் கிடந்தது. மூன்றாவது கடையில் பின்கதவு பூட்டியிருந்தது. 'கொல்லையைப் பூட்டி வைக்கிறவன் சமையலை என்னத்துக்கு நம்புவது' என்று திரும்பிவிட்டாள். இதற்குள் சிங்காரவேலு காதுக்குச் சேதி போய், அவரிடமிருந்து போன் வந்துவிட்டது.

"ஏம்மா வேம்பு, ஸ்டார் ஓட்டல விட்டுட்டுக் குப்பத்தொட்டிய எட்டிப் பாத்துக்கிட்டுத் திரியிறியாமே?"

"ஆமாண்ணே. அங்கதான் உண்மை கெடக்கு."

"கெடக்கும் கெடக்கும். சனிக்கெழம அந்தப் பெரியவரு சாப்புடாம எந்திரிச்சாருன்னு வையி, சாவிய ஆபீஸ்ல வச்சிட்டு நன்னிலம் பஸ்ஸப் புடி. இந்த வண்டிக்கு நாலு பேரு க்யூவுல நிக்கிறான்."

"சாப்புட்டாருன்னா?"

"சாப்புட்டா, வருசம் பூரா வண்டி ஒனக்குத்தான் போ."

"சொன்ன வாக்கு மாறக்கூடாது" என்று போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போரூர்ப் பக்கம் ஒரு சந்தில் வண்டியை நிறுத்தியபோது கரி வாசனை வந்தது. அடுப்புக்கரி கனிந்து, புகை அடங்கி, நெருப்பு மட்டும் மிஞ்சுகிற வாசனை. மோப்பம் பிடித்துக்கொண்டே போனாள். பழைய மாடிவீடு. போர்டு கிடையாது, கதவில் ஒரு காகிதத்தில் கொரியா எழுத்து மட்டும். கொல்லையில் கைலி கட்டிய ஆள் ஒருவர் கரி ஊதிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா அது, கொல்லை வழியா?"

"கொல்லையப் பாக்கத்தான் வந்தேன். எந்தூரு நீங்க?"

"முத்துப்பேட்ட."

"அட, நான் நன்னிலம் பாய்!"

அவ்வளவுதான். கவிழ்ந்து கிடந்த வாளி ஒன்று அவளுக்கு நாற்காலியாயிற்று. அவர் பெயர் ஹாஜா மைதீன். கொரியாவில் எட்டு வருஷம் ஃபேக்டரி வேலை பார்த்து, பாஷையும் கற்றுக்கொண்டு திரும்பியவர். "கறி என்ன கறின்னு நான் கேக்குறதில்ல தங்கச்சி. கரி மட்டுந்தான் நம்ம பொறுப்பு" என்று சிரித்தார். பேச்சுக்கு நடுவே கிண்ணங்கள் கழுவ வந்தன. வேம்பு ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. நக்கி வைத்த மாதிரி இருந்தது.

"ஏன் பாய், இந்தக் கடைக்கு எத்தன நட்சத்திரம்?"

"போர்டே கெடையாது, நட்சத்திரத்துக்கு எங்க போவ? ஆளு வந்து ஒக்காந்தாத்தான் கடக்காரம்மா ஒலையே வைக்கும். அதுவரைக்கும் காத்துக் கெடக்கணும்."

அந்தம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். எழுபது வயதுக் கொரியாக்காரி. கையில் கரண்டி, முகத்தில் சிடுசிடுப்பு. வேம்பு அவளிடம் ஒரு கிண்ணம் சோறு வாங்கி, ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். நம்மூர்ச் சோறு மாதிரி பொலபொலவென்று இல்லை, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஆனால் பருக்கை உடையவில்லை, பளபளவென்று இருந்தது, மெல்ல மெல்ல இனித்தது.

"நாளைக்குப் பன்னெண்டு பேரு வருவோம்னு சொல்லுங்க பாய்."

ஹாஜா மைதீன் சொன்னார். அந்தம்மா கரண்டியாலேயே மறுத்தாள். இருப்பது நாலே மேசை, கூட்டம் சேர்ப்பதில்லை.

வேம்பு வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பத்து நாளா சோறு எறங்காத மனுசன்னு சொல்லுங்க. நெல்லு போடுறவருன்னு சொல்லுங்க. சோத்தப் பாத்துட்டு மூடி போட்டுடுறாருன்னு சொல்லுங்க."

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அந்தம்மா கரண்டியைக் கீழே இறக்கினாள். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"என்ன பாய்?"

"'மூடி போட்டாரா? அழைச்சிட்டு வா அந்தாள'ங்குது."

சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வேம்பு கொல்லையில் வாளிமேல் உட்கார்ந்தாள். முன்பக்கம் சிரிப்பும் பேச்சுமாகக் கேட்டது. அதை அவள் நம்பத் தயாராக இல்லை. கிண்ணம் வரட்டும் என்று காத்திருந்தாள். ஒன்று வந்தது, காலி. நாலு வந்தது, காலி. பதினொன்று எண்ணிவிட்டாள். பன்னிரண்டாவது வரவே இல்லை.

"பாய், பெரியவரு கிண்ணந்தான் வரல."

ஹாஜா மைதீன் குனிந்து கரியைக் கிளறினார்.

கதவு திறந்தது. பார்க் நின்றுகொண்டிருந்தார். "வேம்பு! வா. அப்பா கூப்புடுது."

'நன்னிலம் பஸ் எத்தனை மணிக்கு' என்றுதான் அவள் மனசில் ஓடியது. உள்ளே போனாள். பெரியவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அதில் ஆவி பறந்தது. எதிரே அந்தக் கொரியாக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இது மூணாவது தடவ சோறு" என்றார் பார்க். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கடை யார் பாத்தது, அப்பா கேக்குது. நீன்னு சொன்னேன். நீ இங்க ஒக்காரு."

"ஐயோ வேணாம் சார், நான் கொல்லையிலயே..."

பெரியவர் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். வண்டிக் கண்ணாடியைத் தட்டுவாரே, அதே தட்டு. அந்தத் தட்டுக்கு வேம்பு என்றைக்கு நிற்காமல் போனாள்? உட்கார்ந்தாள். ராமாயி மகள், பந்தியின் நடுவில்.

பெரியவர் ஓர் இலையை எடுத்து, சுட்ட கறி, பூண்டு, கொஞ்சம் சோறு, ஒரு தீற்றுக் காரவிழுது வைத்து மடித்து, தன் கையாலேயே அவள் வாயருகே நீட்டினார். அவர்கள் வழக்கத்தில் வேண்டியவர்களுக்கு அப்படித்தான் ஊட்டுவார்களாம். வாயைத் திறக்கப் போன வேம்பு இலையைப் பார்த்தாள். ஊட்டினாலும் அவள் அவள்தானே?

"எலைய தொடைக்கலியே ஐயா!"

அவர் கையிலிருந்ததை மெதுவாகப் பிரித்து, உள்ளே இருந்ததைத் தட்டில் வைத்து, இலையை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்து அவரிடமே கொடுத்தாள். பெரியவர் உற்றுப் பார்த்தார். பிறகு தனக்கென்று ஓர் இலையை எடுத்தார், தண்ணீர் தெளித்தார், துடைத்தார். அவர் செய்ததைப் பார்த்துப் பார்க் செய்தார், மருமகள் செய்தாள், பேரப்பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் தெளித்துக்கொண்டார்கள். மேசையெல்லாம் ஈரம். கொரியாக்காரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, துடைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம்தான் வேம்பு வாயைத் திறந்தாள். பெரியவர் ஊட்டியதை ஒரே வாயில் முழுசாக வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காரவேலு போன் செய்தார். சாவி பேச்சே இல்லை. "யம்மா வேம்பு, அந்தக் கடை எங்க இருக்கு? இன்னொரு பார்ட்டியும் கேக்குறான்."

"சந்து பொந்துல இருக்குண்ணே" என்றாள் வேம்பு.

தை மாதம் அறுப்புச் சமயத்தில், ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட பெரியவரை அவளே நன்னிலத்துக்கு ஓட்டிவந்தாள். வண்டி நிற்பதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். கதிரை உருவிக் கடித்துப் பார்த்து, சாமிதுரையைப் பார்த்துத் தலையாட்டினார். வரப்பிலே நடந்துகொண்டே போனவர் வடகிழக்கு மூலையில் நின்று, அந்தக் கோணலை விரலால் காட்டி, இது என்ன இப்படி என்று புருவத்தைத் தூக்கினார்.

வேம்பு காற்றில் ஸ்டியரிங் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள்.

பெரியவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.