மூடின ஹெட்போன், திறந்த ஹெட்போன், ஒரு லயத்துச் சுவர்

காலை ஒன்பது மணி, கவுண்டர்மேல் இரண்டு ஹெட்போன், முதல் வாடிக்கையாளர் சரஸ்வதி டீச்சர். ஹெட்போன் விற்கிற தொழிலில் முதல் பாடம், அதைத் தலையில் மாட்டிய நொடியிலிருந்து மனிதர்கள் கத்தித்தான் பேசுவார்கள் என்பது. "தம்பி, ஒன்னுமே கேக்கலையே!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னும் பாட்டே போடலைங்க டீச்சர்" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

பதுளை பஜாரில் போன் கவரும் சார்ஜரும் ரிமோட்டும் விற்றுக்கொண்டிருந்த எங்கள் கடைக்கு ஹெட்போன் வந்தது, கொழும்பு வியாபாரி ஒருவர் மாற்றி அனுப்பிவிட்ட பெட்டியால். அதில் இரண்டு சாதி இருந்தது. ஒன்று காதைச் சுற்றி முழுக்க அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தம் உள்ளே வராது, பாட்டு வெளியே போகாது. மற்றதன் முதுகில் கம்பி வலை; பாட்டு ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல விரிந்து கேட்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. கடையில் நாங்கள் வைத்த பெயர் மூடினது, திறந்தது. "வீட்டுல பாட்டுக் கேக்க எதுங்க நல்லது?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனவர்கள் மற்ற ஊர்க் கவுண்டர்களிலும் இருப்பீர்கள். கீழே வருவது உங்களுக்கு.

ஓட்டைக்கு விலை

பஜாரில் நாலு கடை தள்ளி நகைக்கடை நடத்தும் குடும்பத்து அம்மா வந்தார். தங்கத்தைத் திருப்பிப் பார்க்கும் அதே கையால் திறந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடினதைவிட அது விலை அதிகம் என்று தெரிந்ததும் முகம் மாறியது. காற்று போய்வர வழி இருந்தால்தான் ஓசை அடைபடாமல் வரும், அந்த வலையை ஒழுங்காகச் செய்வது கஷ்டம் என்று நான் விளக்கினேன். முதலாளியும் எழுந்து வந்து அதையே இன்னும் நீளமாக விளக்கினார்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சட்டியில ஓட்டை இருந்தா வெலையக் கொறைப்பாங்க தம்பி. நீங்க ஓட்டைய எண்ணிக் கூட்டுறீங்க."

மொனராகலைக் காதும் பூனாகலைக் காதும்

மொனராகலையிலிருந்து ஒரு கரும்புத்தோட்டத்துக்காரர் மூடினதை வாங்கிப் போனார். அடுத்த வாரமே அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். அந்த வெயிலில் ஒரு பாட்டு முடிவதற்குள் மெத்தை நனைந்துவிடுகிறதாம். "பாட்டு எல்லாம் நல்லா இருக்கு, ஆனா காது இட்லி மாதிரி வெந்து வருதுங்க" என்றார். காற்றோட்டம் உள்ளதை மாற்றிக் கொடுத்தோம்.

அவர் திருப்பித் தந்ததைத் துடைத்து, பாவித்த சாமான் என்று சொல்லியே விலை குறைத்து வைத்திருந்தேன். பூனாகலைத் தோட்டத்தில் வெளிக்கள வேலை பார்க்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். மார்கழிப் பனியில் ஒருநாள் அவரை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் மப்ளர், தலையில் எங்கள் ஹெட்போன், வயர் சட்டைப்பைக்குள் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. போன் எங்கே என்று கேட்டேன்.

"போன் வீட்டுல இருக்குங்க. இது குளுருக்கு."

ஓய்வுபெற்றவரின் சாட்சி

ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். கச்சேரி கேட்கிறவர். ரோட்டோரத்து வீடு, பஸ் ஹார்ன் தொல்லை. மூடினதுதான் அவருக்குச் சரி என்று நானும் நினைத்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக, "ஏங்க, அடுப்புக் கேஸ் முடிஞ்சிருச்சு" என்றார். அவர் திரும்பவில்லை. "ஒங்க அக்கா வாறாங்களாம்" என்றார். அப்போதும் திரும்பவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பித் திறந்ததைக் கட்டச் சொன்னார். "இத்தன வருசமா கேக்கலைன்னு பொய் சொன்னாரு, சமாளிச்சேன். இதக் குடுத்தீங்கன்னா நெசமாவே கேக்காது. அப்புறம் நான் யார்கிட்ட சண்ட போடுறது?"

பூபாலன் வாங்கியது

இனி வருவது ஒரே ஆளைப் பற்றியது. ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் பூபாலன் வேலை. நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் நிற்கிறவர் என்பதால் சத்தம் என்றால் வெறுப்பு, பாட்டு என்றால் உயிர். ஒரு சம்பளச் சனிக்கிழமை வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். திறந்ததைப் போட்டதும் முகம் தெளிந்துவிட்டது. வயலின்காரர் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், தபேலா கொஞ்சம் பின்னால் என்று விரலால் காற்றில் இடம் காட்டினார்.

வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்கள், சத்தம் வெளியே கசியும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மனைவி கலாவும் மகளும்தான், அவர்களுக்கும் பாட்டுப் பிடிக்கும் என்றார். சுவரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "இது காதுல கேக்கல தம்பி. எதுக்க நின்னு பாடுது."

துக்க வீட்டில் பாட்டு

இரண்டு மாதம் கழித்து அதே பெட்டியோடு பூபாலன் வந்து நின்றார். ஆள் வாடியிருந்தார். நடந்ததை அவரே சொன்னார்.

பூபாலன் இருப்பது பழைய லயம், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிய வரிசை வீடு; ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. அவர் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரையைத் தொடாமல் இரண்டு முழம் கீழேயே நின்றுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜேந்திரன். அதே ஃபேக்டரி, ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள். பூபாலனுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். ராஜேந்திரனின் அம்மா இறந்துபோனார். பாடை தூக்கிய நாலு தோளில் ஒன்று பூபாலனுடையது. கருமாதி முடியும்வரை அந்த லயத்தில் யாரும் ரேடியோ, டி.வி. போடுவதில்லை. பூபாலனும் போடவில்லை. நாலைந்து நாள் பாட்டில்லாமல் இருந்தவர், ஒரு சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். யாருக்கும் கேட்காமல் கேட்பதுதான் மரியாதை என்று அவர் எண்ணம்.

சுவருக்கு அந்தப் பக்கம் சாவு வீட்டுச் சொந்தக்காரர்கள் விளக்கைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவருக்கு மேலாலே மெல்லிசாக ஒரு பெண்குரல் காதல் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறது. அழுதுகொண்டிருந்த ஒரு அத்தை அழுகையை நிறுத்திக் கூரையைப் பார்த்தாராம். ராஜேந்திரன் வாசலுக்கு வந்து நின்று, "எங்கம்மா போனதுக்கா பாட்டு?" என்று கேட்டார். பூபாலன் பதறி, "நான் ஹெட்போன்லதாண்ணே கேட்டேன், வெளிய கேக்காதே" என்று சொல்ல, அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆகிவிட்டது. முழு லயமும் கேட்ட பாட்டைக் கேட்காது என்கிறானே! அன்றிலிருந்து ராஜேந்திரன் பேச்சை நிறுத்திவிட்டார். ஃபேக்டரிக்கு வேறு பாதையில் போகிறார்.

மூடினதை எடுத்து அவர் தலையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, எவ்வளவு வெளியே வருகிறது என்று முதலாளியையும் வந்து கேட்கச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை என்று இருவரும் சைகை காட்டினோம். பூபாலன் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பாட்டு கொஞ்சம் பொட்டிக்குள்ள போட்ட மாதிரிதான் இருக்கு. பரவால்ல. இதுல செத்தவங்களுக்கு மரியாத இருக்கு."

தாளம்

அடுத்த மாதம் போன் சார்ஜர் வாங்கக் கலா வந்தார். பில் போடும்போது, "அண்ணே, நீங்க குடுத்த புதுசும் சரியில்ல" என்றார். நான் பயந்து, வயர் அறுந்துவிட்டதா என்றேன். வயர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை ராஜேந்திரனுக்கே மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் கோபம் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, சுவரோரம் வந்து, "பூபாலா, தேத்தண்ணி குடிச்சிட்டியா?" என்று குரல் கொடுத்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம், ஒரு கை நீளத்தில், பூபாலன் மூடினதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ராஜேந்திரன் மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். பதிலுக்கு அவர் காதில் விழுந்தது, பூபாலன் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போடுகிற சத்தம். அவ்வளவுதான். "நான் கூப்பிடுறேன், அவன் தாளம் போடுறான்" என்று ராஜேந்திரன் தண்ணிப் பைப்படியில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். பூபாலனுக்கு விஷயம் தெரிந்து ஓடிப்போய்ச் சொன்னதை அவர் நம்பவில்லை. ஒரு மனிதனுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து கூப்பிட்டது கேட்காது என்றால் யார்தான் நம்புவார்கள்?

பூபாலன் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார், பாட்டையும் விட்டுவிட்டார் என்றார் கலா. கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை. "மொத வாங்குனதுல இவரு கேட்டது ஊருக்கே கேட்டுச்சு. ரெண்டாவதுல ஊரு கூப்பிட்டது இவருக்குக் கேக்கல. மனுசங்களோட குடியிருக்கவங்களுக்குன்னு ஒன்னு செய்ய மாட்டாங்களாண்ணே?"

ராஜேந்திரன் வந்து பார்த்தது

அந்த அண்ணனை ஒரு தடவை கடைக்கு அனுப்ப முடியுமா என்று கலாவிடம் கேட்டிருந்தேன். வருவார் என்று நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த சம்பளச் சனிக்கிழமை, வெள்ளை மீசையோடு உயரமான ஒருவர் வந்து, எதையும் வாங்குகிற எண்ணம் இல்லாத முகத்தோடு கவுண்டருக்கு முன்னால் நின்றார். "பூபாலன் பொண்டாட்டி சொன்னுச்சு. அந்தச் சாமானப் போட்டா மனுசன் செவுடாயிருவானாமே. காட்டுங்க."

மூடினதை மாட்டிப் பாட்டைப் போட்டேன். கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாகத்தான் நின்றார். பாட்டு அவருக்குத் தெரிந்த பழைய பாட்டு. கொஞ்சம் கழித்து விரல் முழங்கையில் தட்டத் தொடங்கியது. முதலாளி அவருக்குப் பின்னால் வந்து நின்று, "ராஜேந்திரன்! தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கடை அதிரக் கேட்டார். மருந்துக்கடைக்காரர் வேண்டாம் என்று அங்கிருந்தே கைகாட்டினார். ராஜேந்திரன் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சைகையால் கழற்றச் சொல்லி, முதலாளி கூப்பிட்டதைச் சொன்னேன். அவர் நம்பாமல் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

பிறகு அவரே திறந்ததைக் கேட்டு வாங்கி மாட்டினார். பாட்டு ஓடும்போதே, "இது வெளிய கேக்காதுல்ல?" என்று என்னிடம் கேட்டார். "ஒவ்வொரு வார்த்தையும் கேக்குதுங்க" என்று சொல்லி அடுத்த வரியை நானே பாடிக் காட்டினேன். மெதுவாகக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தார். மாட்டியிருந்தபோது வெளியே கேட்கும் என்று அவருக்கும் தெரியவில்லை; கூப்பிட்டது அவருக்கும் கேட்கவில்லை.

கடைசியில் முதலாளி வரவழைத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "இத்தன மாசம் சுத்துப் பாதையில ஏறி எறங்கி எம் முட்டி போச்சு. ரெண்டுல ஒன்னுலயாவது அவன் மேல தப்பு இருக்கும்னு பாத்தா, ஒன்னுலயும் இல்லையே."

முடிவாக

ராஜேந்திரன் அன்று எதையும் வாங்கவில்லை. கூப்பிட்டால் கேட்க வேண்டும், பாட்டு வெளியே போகக் கூடாது, அப்படி ஒன்று இருந்தால் பூபாலனுக்கு எடுத்துப் போகலாம் என்று நின்றார். அப்படி ஒன்று எங்கள் கடைக்கு இன்னும் வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப சாமான்ல தப்பு ஒன்னும் இல்ல, செவுத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். அடுத்த வாரம் பூபாலன் வந்து, திரும்பவும் திறந்ததையே கேட்டு வாங்கிப் போனார்; கூட வந்த ராஜேந்திரன் கடை வாசலில் நின்று, "சீக்கிரம் வாடா, பஸ் போயிரும்" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் வீட்டில் பாட்டுக் கேட்க எது நல்லது என்று யாராவது கேட்டால், காதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரிக்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்காமலேயே, பூபாலனும் ராஜேந்திரனும் சேர்ந்து அந்த நடுச்சுவரைக் கூரைவரை கல் வைத்துக் கட்டி முடித்தார்கள். கூப்பிடுவதற்கென்று ஒரு கல் மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.