விழுந்த விமானத்தில் எத்தனை பேர்?

வாய்மொழிக் கதைகளைத் தொகுக்கும் தொழிலில், இருவர் ஒரே கதையை ஒரே மாதிரிச் சொன்னால் மகிழக் கூடாது; முதலாமவர் இரண்டாமவருக்கு அதை எப்போது சொன்னார் என்று விசாரிக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தோடு ஊர் ஊராக அலைந்து, டீ குடித்தே வயிற்றைக் கெடுத்துக்கொண்ட நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு குண்டுவீச்சு விமானம் விழுந்தது. அந்நாளில் இவ்வழியாகப் பறந்து காணாமற்போனவை இரண்டு. ஒன்றில் நால்வர், மற்றதில் எழுவர். விழுந்தது எது என்பதற்குக் காகிதச் சான்று கிடையாது. அந்த எழுவரில் ஒருவரின் மகள், எண்பதைக் கடந்தவர், வெளிநாட்டிலிருந்து எனக்கு எழுதியிருந்தார்: "அது என் அப்பா போன விமானம்தானா? நான் பயணம் செய்யக்கூடிய உடம்போடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்."

இரண்டு தோட்டங்கள்

ஆத்தூர் டீக்கடையில் விசாரித்தபோது, வெங்காயம் போடும் விவசாயி ஒருவர் என்னைக் கையோடு அழைத்துப்போய்த் தம் கிணற்றடியைக் காட்டினார். விமானம் விழுந்தது அங்கேதானாம். இறந்தவர் இருவர் என்றார். கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அவர்கள் பன்னிருவர் ஆயினர். இரண்டையும் குறித்துக்கொண்டேன், எந்தப் பாடபேதத்தையும் எடுத்த எடுப்பில் தள்ளுவது என் வழக்கமன்று. அடுத்த தோட்டக்காரரும் தம் நிலத்தில்தான் விழுந்தது என்கிறாரே என்று பணிவோடு கேட்டேன்.

"அவன் தோட்டத்துல மழையே விழுக மாட்டேங்குது. ப்ளேன் வந்து விழுந்துருச்சாக்கும்!"

கோழிக்கூண்டுக் கதவு

அதே தெருவில் ஒரு வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருந்த தகட்டைக் கண்டதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வரிசையாக ஆணிகள், ஓரத்தில் பச்சை வண்ணத்தின் மிச்சம். அந்த வீட்டு அம்மாளிடம் கேட்டு வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆணிகளை எண்ணினேன், அளந்தேன், படியெடுத்தேன். ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க எழுத்துகள் துலங்கின: 'படியில் பயணம் நொடியில் மரணம்.'

தகட்டைத் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தில் சிறிது குறை தெரிந்திருக்க வேண்டும்.

"நான் எப்பய்யா ப்ளேன்னு சொன்னேன்? நீங்களாத்தான் தொட்டுக் கும்புட்டீக. பெரியவரு சந்தோசத்தக் கெடுப்பானேன்னு கோழியப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

பூக்கேட்டது

குளக்கரைக் கருப்பசாமி கோயிலில் கிடைத்தது ஐயத்துக்கு இடமில்லாதது. அரிவாள்களுக்கு நடுவே, விமானத்தின் சுழல்விசிறி இறகு ஒன்று ஆளுயரத்துக்கு நடப்பட்டிருந்தது. அதன் அடியில் விமானத்தை அடையாளம் காட்டும் எண் பொறித்திருக்கலாம். ஆனால் அதன்மேல் பல காலத்துச் சந்தனமும் எண்ணெயும் ஏறிக் கிடந்தன. சுரண்டுவதற்குச் சாமியின் உத்தரவு வேண்டும் என்றார் பூசாரி. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமிமுன் வைத்தார். வெள்ளை வந்தால் சம்மதம். மூன்று முறை எடுத்தோம். மூன்று முறையும் சிவப்பு. மூன்று என்பது ஆய்வுக்குப் போதிய எண்ணிக்கை ஆகாது என்று வாதாடிப் பார்த்தேன்.

"சாமி பதில மாத்தாது, வாத்தியாரே. நீங்க கேள்விய மாத்துங்க."

கல்லறைத் திருநாள் பட்டியல்

மாற்றினேன். விமானத்தை விட்டுவிட்டு, அதில் வந்தவர்களைப் புதைத்தது யார் என்று கேட்டேன். அடுத்த ஊர்க் கிறிஸ்தவர்கள் என்று தெரிந்தது. அவ்வூர் உபதேசியார், சாமியார் வராத நாள்களில் ஜெபம் நடத்துபவர், கல்லறைத் திருநாளில் வாசிக்கும் இறந்தோர் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் 'ப்ளேன்காரர்கள்' என்று தலைப்பிட்டு அருளப்பன், சூசை, சவரிமுத்து, ராயப்பன், சின்னப்பன், மிக்கேல், இஞ்ஞாசி என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? பெயரில்லாத ஆத்துமாவுக்கு ஜெபிக்க முடியாதாகையால், புதைத்த வீட்டார் தங்களுக்குப் பிரியமான பெயர்களைக் கொடுத்தார்களாம். 'கற்பனை, பயனற்றது' என்று குறிப்பெழுதிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

சின்னாளப்பட்டி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயர்கள் கற்பனை, உடல்கள் கற்பனையல்லவே! அடுத்த பேருந்தில் திரும்பிப்போய் வீடு வீடாக ஏறினேன். விமானத்தின் நிறம், வந்த திசை, விழுந்த நேரம் எல்லாவற்றிலும் அவர்கள் முரண்பட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டாரும் தாங்கள் புதைத்தது ஒருவரை என்பதையும், அவருக்கு வைத்த பெயரையும் தடுமாறாமல் சொன்னார்கள். பட்டியலில் ஆண்டுதோறும் கேட்ட மற்றப் பெயர்களில் எது எந்த வீட்டார் வைத்தது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே ஒருவரைப் பார்த்து மற்றவர் சொன்னதில்லை. ஒரு வீடு, ஒரு குழி, ஒரு பெயர். ஆக, எழுவர்! மூச்சு வாங்க உபதேசியாரிடம் போய் முடிவை அறிவித்தேன்.

"பட்டியல அப்பவே கையில குடுத்தேனேய்யா. எண்ணிப் பாக்கத் தெரியாதவுகளுக்கெல்லாம் யாரு டாக்டர் பட்டம் குடுக்குறாக?"

எது அப்பா?

அந்த மகள் வந்தார். கல்லறைத் திருநாளன்று கைத்தடியை ஊன்றி, ஏழு சிலுவைகளுக்கு முன்னால் மெழுகுவத்தியோடு நின்றார். பட்டியல் வாசித்து முடிந்ததும், "இதில் என் அப்பா எவர்?" என்று என்னிடம் கேட்டார். வாழ்நாளெல்லாம் பாடபேதங்களை ஒப்பிட்டவன், அந்தக் கேள்வியை அப்படியே தமிழாக்கி உபதேசியாரிடம் நகர்த்தினேன்.

"அது யாருக்கும் தெரியாதுய்யா. புடிச்ச பேர எடுத்துக்கிரச் சொல்லுங்க. மத்த ஆறு பேரும் கோவிச்சுக்கிர மாட்டாக."

விமானத்தை அடையாளம் காணப் புறப்பட்டவன், அதில் வந்தவர்களுக்கு ஏழு வீட்டுச் சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுத்துவிட்டு, என் நோட்டில் விமானத்தின் பதிவெண்ணுக்குரிய கட்டத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.