பாலைவனத்து மலையில் ஐஸ்

என் மாமா, அம்மாவின் தம்பி, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் ஊர் மட்டாஞ்சேரிக்கு அப்படித் திரும்பியவர்கள் அத்தரும் டேப்ரிக்கார்டரும் கொண்டுவந்தார்கள். மாமா கொண்டுவந்தது தீராத அசதியும் ஒரு மலையைப் பற்றிய பேச்சும்தான். பாலைவனத்தில் அந்த மலையை அளந்த இன்ஜினியர்களுக்கு அவர் கருவிகள் சுமந்திருந்தார்.

அவருக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அத்தா காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் துணிக்கடை வைத்திருந்தார்; படகேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். நிக்காஹ் முடிந்த மாதமே மாப்பிள்ளை வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அம்மா சம்மதித்துவிட்டாள். புதுச் சட்டை கிடைக்கும் என்பதால் எனக்கும் சம்மதம்தான். மாமாவை யாரும் கேட்டதாக நினைவில்லை.

சாயா குடித்தபடி, வளைகுடாவில் என்ன வேலை என்று பெண்ணின் அத்தா மாமாவை விசாரித்தார். சூப்பர்வைசர் என்று சொல்லும்படி அம்மா காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள். மாமாவோ மலைப் பேச்சை எடுத்தார். அதன் சரிவு முழுக்க உடைந்த கற்களாம். உடைத்தது வெயில் இல்லை, ஐஸாம். வெகுகாலத்துக்கு முன் அங்கே கடுங்குளிர் அடித்ததாம். பாறை விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து, பருத்து, பாறையைப் பிளந்துவிட்டதாம். இப்போது புதிதாக ஒரு கல்லும் விழுவதில்லை, கிடப்பதெல்லாம் கறுத்துப்போன பழைய கற்கள் என்றார்.

“ஐஸ் நம்ம மீன் கம்பனியில இருக்கு தம்பி. மணல்காட்டுல ஏது?”

“அப்ப இருந்துச்சுங்க.”

“யாரு பார்த்தா?”

“அந்தப் பக்கம் அப்ப ஆளே இல்ல. கல்லுதான் இருந்துச்சு.”

பையன் தமாஷ் பண்ணுகிறான் என்று என் அத்தா சிரித்துச் சமாளித்தார். மாமா அத்தோடு விட்டிருக்கலாம். தமாஷ் இல்லை என்று எழுந்து நின்று, சரிவு எப்படிச் சாய்ந்திருக்கும் என்று கையால் காட்டி, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

வந்தவர் சாயாவைப் பாதியில் வைத்தார். வாசலில் என் அத்தாவிடம் தாழ்ந்த குரலில், “புளுகுறவன்னா பரவாயில்ல. இது வேற,” என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார்.

அம்மா அடுக்களைக்குள் அழுதாள். மாமா தட்டில் மிஞ்சிய பழம்பொரியை எல்லாம் தின்றுவிட்டுப் பாயை விரித்தார்.

“இனி என்னைப் போகச் சொல்ல மாட்டீங்கல்ல அக்கா?”

 வந்த நாள் முதல் தூக்கத்தில் பதறிப் பதறி எழுந்த மாமா, அன்று சாயங்காலம்வரை அசையாமல் தூங்கினார். கல்யாணமே கைவிட்டுப் போன பிறகும் ஒரு மனிதருக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது.