அப்பா வாய் திறந்த நாள்

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை, கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் முந்திரித் தோப்பில் அப்பா மயங்கி விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எழுபத்தெட்டு வயது வரைக்கும் அவர் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை.

வெறும் செம்மண் மேடாகக் கிடந்த இடத்தில் அவர் உண்டாக்கிய தோப்பு அது. கண்மாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கன்றுகளைப் பிழைக்க வைத்தார். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் எப்போதும் வெந்து போயிருக்கும். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். என்னை டீச்சராகவும் தம்பியை இன்ஜினியராகவும் ஆக்கியது அந்த விரல்கள்தான்.

மருத்துவமனையில் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். இடது கையால் இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். பத்தாம் நாள் டாக்டர் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். விழுங்கும் சக்தி இருக்கிறது, வாயைத் திறந்து சாப்பிட்டால் கொஞ்ச நாள் இருப்பார், எங்களால் இவ்வளவுதான் முடியும் என்றார்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. கரண்டியைக் கிட்டே கொண்டு போனாலே பல்லைக் கடித்துக்கொண்டார். உதட்டை நனைக்க மட்டும்தான் விட்டார். குவைத்திலிருந்து ஓடி வந்திருந்த தம்பி கெஞ்சினான், அழுதான். இருபத்தைந்து வருஷமாக எத்தனையோ பிள்ளைகளை அதட்டி வழிக்குக் கொண்டு வந்த எனக்கு, பெற்ற அப்பாவை ஒரு வாய் கஞ்சி குடிக்க வைக்க முடியவில்லை.

எங்களுக்குத் தெரிந்தது செபம் ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் ஒருசந்தி இருந்தோம். பகல் முழுக்கப் பட்டினி, பொழுது சாய்ந்ததும் அடுப்படியில் ஒரு வேளைச் சாப்பாடு. அப்பாவின் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று செபமாலை சொன்னோம். முதலில் சுகம் கேட்டேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அதையும் விட்டுவிட்டேன். ஆண்டவரே, எடுத்துக்கொள்ளும், ஆனால் பட்டினியோடு எடுக்காதேயும் என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

நான்காம் நாள் மத்தியானம் ராக்காயி அக்கா வந்தார். எங்கள் தோப்பில் முப்பது வருஷமாகக் கொட்டை பொறுக்குகிறவர். வேலையிலிருந்து நேராக, கையில் கஞ்சித் தூக்குவாளியோடு வந்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அப்பாவுக்காக ஒருசந்தி இருக்கிறோம் என்றேன்.

"ஏம் பாப்பா, வேலைக்கு வந்த நாங்க சாப்பிட்டு முடிக்காம ஐயா தன்னோட வாளியத் தொறந்ததில்ல. பெத்த பிள்ளைக நீங்க வயிறு ஒட்டிக் கெடந்தா, அவுக எப்படி வாயத் தொறப்பாக?"

எனக்குச் சுரீரென்றது. வீட்டிலும் அப்படித்தானே. நாங்கள் தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் அவர் உட்காருவார். மகள் நான் மறந்துவிட்டேன்.

அக்கா கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தன் கஞ்சியைக் குடித்தார். எங்களையும் சோறு போட்டுக்கொண்டு வரச் சொன்னார். தவக்காலத்தில் நோன்பை முறிக்கத் தம்பி தயங்கினான். நான் தட்டை அவன் கையில் திணித்தேன். அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கரண்டியை நீட்டினேன். வாயைத் திறந்தார். ஏழு கரண்டி குடித்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமாக அழுதேன்.

அதன் பிறகு மூன்று வேளையும் அவர் முன்னால்தான் எங்கள் சாப்பாடு. உயிர்ப்புத் திருநாள் முடிந்த இரண்டாம் வாரம் அப்பா இறந்தார். எழுந்து நடக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கெல்லாமா ஆண்டவருக்குச் சாட்சி சொல்வது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆண்டவருக்கு நான் வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரோ, எங்கள் கோவிலுக்குள் ஒரு நாளும் வராத அக்காவை அனுப்பினார். இப்போதெல்லாம் செபித்து முடித்ததும், வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறேன். கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். சின்னதாகவே கேளுங்கள். என் அப்பா பசியோடு போகவில்லை. ஆண்டவருக்கு நன்றி.