சிவப்பு எழுத்தில் வந்த எச்சரிக்கை

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. நிபந்தனையில் பல மதிப்புகள் இருக்கின்றன, முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன் என்றது. வெறும் எச்சரிக்கைதான், வேலை நிற்கவில்லை. நானும் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டேன்.

கல்முனைப் பக்கம் ஒரு சிறிய தாய்நலத் திட்டத்தில் அப்போது வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பார்க்கும் மருத்துவமாதுகள் எழுதிவரும் கர்ப்பிணிகளின் இரத்த அளவுகளைக் கணினியில் ஏற்றி, இரத்தம் குறைந்தவர்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர்களைத்தான் விசேட கிளினிக்குக்கு அழைப்பார்கள். 'இப்படியிருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று நிரலில் எழுத இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று ஒரேயொரு மதிப்பைப் பார்த்து முடிவெடுக்கும். மற்றது பட்டியல் முழுவதையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். பெயரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் முதலாவதைப் போட்டிருந்தேன். ஒவ்வொரு பகுதியிலும் முதல் பெண்ணுக்கு வந்த முடிவே மற்ற எல்லாருக்கும் விழுந்தது.

மருதமுனைப் பகுதியின் மருத்துவமாது, எங்களுக்கு 'மிஸ்', பட்டியலோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, எண்ட ஏரியாவுல ஒருத்தருக்கும் ரத்தம் குறைவில்லையா? ஒரு புள்ளட கண்ண இழுத்துப் பாத்தன். வெளிறிக் கிடக்கு."

கணினி பிரித்தது பிழையாகாது மிஸ் என்றேன்.  அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மிஸ் கண்ணை இழுத்துப் பார்த்த அந்தப் பெண் பிரசவத்தில் இரத்தப் போக்கு நிற்காமல் மௌத்தானாள். குழந்தை தப்பியது. ஏன் கிளினிக்குக்கு அனுப்பவில்லை என்று மிஸ்ஸை விசாரித்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை, கேட்டபோதும் சரியென்றுதான் சொன்னார்கள் என்றாராம். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் நிரலைத் திரும்பப் பார்த்தேன். கண்டதை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். பட்டியல் திருத்தப்பட்டது, விடுபட்ட பெண்களை அவசரமாக அழைத்தார்கள். என் கடிதம் கோப்புக்குள் போனது. மிஸ்ஸைத் தொலைவிலுள்ள பொத்துவில் பக்கம் மாற்றினார்கள்.

மிஸ்ஸின் வீட்டுக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எண்ட கிட்ட சொல்லி என்ன, தம்பி. அந்தப் புள்ளட உம்மாக்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

அந்த மென்பொருளின் புதிய பதிப்பு இப்போது அந்த இடத்தில் எச்சரிக்கையோடு விடாமல் வேலையையே நிறுத்திவிடுகிறது. புதிதாக வந்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

மிஸ் சொன்ன பிறகு மருதமுனைக்குப் போக எனக்கு ஒரு வாரம் எடுத்தது. இறந்த பெண்ணின் உம்மா பேரப்பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார். நிபந்தனை, கட்டளை என்று என்னென்னவோ சொன்னேன். முடித்ததும், மகளின் பெயர் பட்டியலில் எத்தனையாவது என்று விசாரித்தார். பதினேழாவது என்றேன்.

"அப்ப எண்ட புள்ளட பேர அது பாக்கவே இல்லையா, மகன்?"

"இல்ல, உம்மா."

குழந்தை சிணுங்கியது. அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.